மறு: ஹார்மோனிக் பேலன்சர் – ‘சமனி’ வேண்டாம்

அன்பர்களுக்கு வணக்கம். இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் மாட்டுகிற ‘ஹார்மோனிக் பேலன்சர்’ என்ற வளையச் சக்கரத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு ஓர் அன்பர் எழுதியது:

> ‘இசைவுச் சமனி’ என்று வைக்கலாமே, இரண்டு சொல்லுக்கும் பொருள் வந்துவிடுகிறதே.

வந்துவிடுகிறது ஐயா, ஆனால் அந்த உருப்படி செய்கிற வேலை அதில் இல்லை. ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிற கோளாறை நாம் ஏன் தமிழுக்கும் இழுத்து வரவேண்டும்?

வியாசர்பாடிப் பட்டறைகளில் இதைக் கிராங்க் புல்லி என்பார்கள், சிலர் டேம்பர் என்பார்கள். ரேசுக்கு இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிற இடத்தில் வண்டிக்காரர் கேட்பது, “கிராங்கைத்தான் பேலன்ஸ் போட்டாச்சே, அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து பேலன்சர்?” கேட்டுவிட்டு, எடை குறையட்டும் என்று அலுமினியத்தில் கடைந்த வெறும் புல்லியை மாட்டிக்கொண்டு போகிறார். பெயர்தான் அவரை அப்படி நினைக்க வைத்தது.

நடப்பது வேறு. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்க் ஈரத்துணியைப் பிழிவதுபோல் கொஞ்சம் முறுகி, உடனே திரும்பி வருகிறது, சில குறிப்பிட்ட வேகங்களில் இந்த முறுக்கல் ஒத்ததிர்வில் சிக்கி ஏறிக்கொண்டே போய், ஆயில் பம்ப் கியர் உடையும், ஃப்ளைவீல் போல்ட் தளரும், கடைசியில் கிராங்கே விரிசல் விடும். எவ்வளவு துல்லியமாக பேலன்ஸ் போட்டாலும் இது நிற்காது, இதைத் தணிப்பதுதான் இந்த உருப்படியின் வேலை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஸ்ட்ரோக் எதை மாற்றினாலும் அந்த வேகமும் இடம் மாறும். நடுப்பகுதிக்கும் கனமான வெளி வளையத்துக்கும் இடையே ரப்பர் வைத்த வகை ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணுக்கு ஒத்திசைத்தது, அதனால் கம்பெனி இன்ஜினுக்குப் பொருந்தியது பிரித்து மாற்றிக் கட்டிய இன்ஜினுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. சிலிக்கோன் பாகுக்குள் வளையம் மிதக்கிற வகை பரந்த வேகத்துக்கு வேலை செய்யும். ஆனால் அதன் உறையில் சுத்தியல் பட்டு ஒடுங்கினால் அத்தோடு தீர்ந்தது.

எனவே என் பரிந்துரை ‘முறுக்கதிர்வுத் தணிப்பான்’, பட்டறையில் சுருக்கமாகத் ‘தணிப்பான்’. பாகு வகை ‘பாகுத் தணிப்பான்’, மற்றது ‘ரப்பர் தணிப்பான்’. வெளி வளையத்துக்கு ‘நிலைம வளையம்’ போதும். நடுப்பகுதிக்கு ‘மையம்’ வேண்டாம், கட்டைவண்டிச் சக்கரத்தில் அச்சு நுழைகிற பகுதிக்குக் ‘குடம்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. “குடத்துக்கும் வளையத்துக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போடு, கோடு விலகினால் ரப்பர் வழுக்கிவிட்டது, வளையத்தில் இருக்கிற டைமிங் மார்க்கை நம்பாதே” என்று எழுதினால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

‘முறுக்கடக்கி’ என்று இன்னொரு அன்பர் எழுதியதும் பிடித்தது, உச்சரிக்கச் சுகம். ஆனால் முறுக்குவிசையையே அடக்குகிறது என்று படிக்க இடம் இருக்கிறது. பவர் வேண்டி இன்ஜின் கட்டுகிறவர் அதைக் கேட்டாலே வாங்கமாட்டார்.

‘சமனி’யைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் பொறியாளர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1910 வாக்கில் தணிப்பானும் செய்தார், இன்ஜின் குலுக்கலைச் சமன் செய்யும் தண்டும் செய்தார். அந்தத் தண்டுக்குச் ‘சமன்தண்டு’ என்று பெயர் வைக்க வேண்டியிருக்கும், இங்கே ‘சமனி’ என்றால் இரண்டும் குழம்பும்.

ஒரு சிக்கல் மிச்சம். ஃபோர்டு 302 (எட்டு சிலிண்டர் அமெரிக்க இன்ஜின்) போன்ற சில இன்ஜின்களில் கிராங்கின் சமன் எடையில் ஒரு பகுதியையே இந்தத் தணிப்பானில் வைத்திருப்பார்கள், பழையதில் 28 அவுன்ஸ்-இன்ச் (எடையை மையத்திலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கிய அளவு), 1980களின் தொடக்கத்திலிருந்து 50, மாற்றி மாட்டினால் இன்ஜின் உதறும். இதற்கு ‘எடையேற்றிய தணிப்பான்’ என்று சொல்லலாமா? எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் டீசல் இன்ஜின் வேலை பார்க்கிற அன்பர்கள் கருத்துச் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.