புதுப்பிப்பு: சியான்டி மலைச்சாலைக்கு 11-28 கேசட் போதுமா?

இத்தாலியின் சியான்டி மலைப்பகுதியில் சியெனா, காஸ்தெல்லினா, ராத்தா, கயோலே, மீண்டும் சியெனா என்று சுமார் 70 கிலோமீட்டர் சுற்றுக்கு, வாடகை சைக்கிளின் 50/34 பல் முன்தட்டும் 11-28 பல் கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தாயிற்று.

"ஏற்றத்தில் மிதிக்க இலகுவாக, பின்னால் பெரிய பல்சக்கரம் உள்ள 11-34 கேட்டு வாங்கு" என்றவர் சொன்னதுதான் சரி. ஆனால் அதே சைக்கிளில் கேசட்டை மட்டும் தனியாக மாற்ற முடியவில்லை. அந்த சைக்கிளின் பின் டிரெய்லியர் (சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) குட்டையானது, அதற்கு 34 பல் ஒத்துவராது, சங்கிலியும் நீளம் போதாது. கடைக்காரர் வேறு சைக்கிளே கொடுத்துவிட்டார். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒரே நீண்ட மலை என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கின வேகம் ஆறுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். முன்னால் 34, பின்னால் 34 பல் இருந்ததால் உட்கார்ந்தபடியே மிதிக்க முடிந்தது. பின்னால் 28 மட்டும் இருந்திருந்தால் காஸ்தெல்லினா ஏற்றத்திலேயே முழங்கால் போயிருக்கும்.

எதிர்பாராதது வெள்ளைச் சரளைப் பாதை. கயோலே தாண்டி, சைப்ரஸ் மரங்களுக்கு இடையே புரோலியோ கோட்டைக்கு ஏறும் துண்டு அழகுதான். ஆனால் 25 மி.மீ. டயரில், நான் எழுந்து நின்று மிதித்தாலே பின்சக்கரம் வழுக்கியது. அங்கே போவதாக இருந்தால் 32 மி.மீ. டயர் போடுங்கள்.

அப்புறம் தண்ணீர். மதியம் கடைகள் சாத்திவிடுகிறார்கள். கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும் என்று ஒருவர் சொன்னபோது சிரித்தேன். இரண்டு முறை அதில்தான் பாட்டிலை நிரப்பினேன்.