நெடுந்தொலைவு சைக்கிள் பயணத்தில் கழுத்துப் பிடிப்பைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். 200 கிலோமீட்டர் பிரெவேக்களை (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு சைக்கிள் பயணங்களை) உரிய நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன். ஆனால் பாதித் தொலைவைத் தாண்டியதும் பின்கழுத்தும் தோள்பட்டையின் மேற்பகுதியும் இறுகத் தொடங்கி, கடைசி ஒரு மணி நேரத்தில் தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. அடுத்து, 27 மணி நேர வரம்புள்ள 400 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கழுத்துக்கான பயிற்சிகள் மட்டும் போதுமா, சைக்கிளின் அமைப்பையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
முதலில் சைக்கிளைப் பாருங்கள். பயிற்சி அதற்குப் பிறகுதான். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை முதுகெலும்பு தாங்கிக்கொள்கிறது; உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கையில் கண் சாலையைப் பார்க்க வேண்டுமானால், பின்கழுத்துத் தசைகள் மணிக்கணக்கில் ஓய்வின்றி இறுகியபடியே தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்ந்தும் தள்ளியும் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தலையைப் பின்னால் வளைக்க நேரும். ஆகவே, ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் பகுதிக்கு) மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றி ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். கீழ்நோக்கிச் சரிந்த ஸ்டெம்மாக இருந்தால் அதைப் புரட்டிப் பொருத்தினாலும் உயரம் கூடும். அதுவும் போதவில்லையென்றால் 1 அல்லது 2 சென்டிமீட்டர் குட்டையான ஸ்டெம்மை வாங்கலாம். சீட்டின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி, கைகளில் பாரம் ஏறி, தோள்கள் காதுவரை உயர்ந்துவிடும். பலரும் கவனிக்கத் தவறும் காரணம் இது. மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு நீண்ட பயணத்தில் சோதித்துப் பாருங்கள். பிரெவேக்கு முந்தைய வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.

மறுமொழி 2:
இதனுடன் பார்வையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டின் முன்விளிம்பு கண்ணை மறைத்தாலோ, வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கினாலோ, அதற்கு ஈடுகட்ட நாம் அறியாமலே மோவாயை மேலும் உயர்த்துகிறோம். இரவு ஓட்டத்துக்குக் கனமான விளக்கை ஹெல்மெட்டில் மாட்டாமல் ஹேண்டில்பாரில் பொருத்துவது நல்லது. ஓட்டும்போது முழங்கைகளைச் சற்றே மடக்கி, தோள்களைத் தளர விட்டு, கைகளின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். வீட்டில், மோவாயை நேர்ப்பின்னே இழுத்துச் சில நொடிகள் நிறுத்தும் பயிற்சியையும், பின்தலையில் கைகளை வைத்துத் தலை அசையாதபடி எதிரெதிரே அழுத்தும் பயிற்சியையும் இப்போதே தொடங்குங்கள். தசை வலுப்பெறப் பல வாரங்கள் பிடிக்கும்.

மறுமொழி 3:
வலி வேறு, தசை முற்றிலும் சோர்ந்துபோவது வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ போட்டியில் 1983ஆம் ஆண்டு மைக்கேல் ஷெர்மர் என்ற சைக்கிள் வீரரின் கழுத்துத் தசைகள் தலையைத் தாங்க முடியாமல் தளர்ந்துவிட்டன. அன்றிலிருந்து இந்நிலை ‘ஷெர்மர் கழுத்து’ என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சிலர் தலையைப் பட்டைகளால் முதுகோடு இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் வரும் வாகனத்தைத் திரும்பிப் பார்க்க இயலாத அந்த நிலையில் பொதுச் சாலையில் ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 400 கிலோமீட்டரில் இது அரிதுதான். ஆயினும் மோவாயைக் கையால் தாங்க வேண்டிய நிலை வந்துவிட்டால் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள், ஏனெனில் அதற்கு ஓய்வைத் தவிர உடனடி மருந்து இல்லை. கை மரத்துப்போனாலோ, பிடி வலுவிழந்தாலோ, வலி தோளிலிருந்து விரல்வரை இறங்கினாலோ, நரம்பு அழுத்தப்படுகிறதா என்று எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகே மீண்டும் சைக்கிளில் ஏறுங்கள்.