பிள்ளைப்பேற்றின்போது கணவன் என்ன செய்யலாம்? ஒரு கேள்வியும் சில பதில்களும்

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். என் மனைவிக்கு இது ஏழாம் மாதம், முதற் பிள்ளை. வழக்கப்படி அவர் தலைப்பிரசவத்துக்கு யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மாமியாரின் உடல்நிலை இடந்தரவில்லை. மனைவியின் இரத்த அழுத்தமும் சற்று ஏறி இறங்குவதால், இப்போது கிளினிக்கை மாற்றாதிருப்பதே நல்லது என்று வைத்தியரும் சொன்னார். ஆகவே கொழும்பிலேயே ஓர் அரச வைத்தியசாலையில் பிள்ளை பெறுவதென்று முடிவெடுத்துள்ளோம்.

இது பெண்களின் காரியம் என்றும், நான் செலவையும் வாகனத்தையும் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் உறவினர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரசவ அறையில் மனைவியின் அருகில் நிற்கவே விரும்புகிறேன். அதற்கு அனுமதி கிடைக்குமா? கிடைக்காவிட்டால், அவருக்கு உண்மையில் பயன்படும்படி நான் செய்யக்கூடியது என்ன? தனியார் நிறுவனத்தில் வேலை செய்வதால் விடுமுறை பற்றியும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (பிரசவ விடுதியில் பணியாற்றிய தாதி)

தம்பி, நீங்கள் விரும்புவது நியாயமானது. பிரசவ வேளையில் தாய் தானே தெரிவு செய்யும் ஒருவர் அவருடன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைத்துள்ளது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து துணையிருக்கப் பெற்ற தாய்மாருக்குப் பிரசவ நேரம் சற்றுக் குறைந்ததும், சிசேரியன் தேவைப்பட்டோர் குறைந்ததும், பிரசவத்தை மனக்கசப்போடு நினைவுகூர்ந்தோர் குறைந்ததும் தெரியவந்தது.

இருந்தாலும் நம் அரச வைத்தியசாலைகளில் துணைக்கு ஒரு பெண்ணையே அனுப்பச் சொல்வது வழக்கம். பல கட்டில்கள் உள்ள அறையில் இடையே ஒரு திரை மாத்திரமே இருக்கும்போது, அடுத்த கட்டிலில் வலியோடு கிடக்கும் பெண்ணின் மானத்தையும் நாங்கள் காக்க வேண்டியிருக்கிறது. கட்டண வைத்தியசாலைகளில் தனியறை இருப்பதால் கணவரை அனுமதிப்பது எளிது. ஒவ்வோர் இடத்தின் நடைமுறையும் வேறுபடுவதால், வலி தொடங்கிய பிறகு வாசலில் நின்று வாதாடாமல், அடுத்த கிளினிக் நாளிலேயே பொறுப்பான தாதியிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அனுமதி இல்லையென்றால், உள்ளே போகும் பெண் யார் என்பதை உங்கள் மனைவியே தீர்மானிக்கட்டும். வயதில் மூத்தவர் என்பதற்காகப் பெரியம்மாவை அனுப்பிவிட்டு, அவர் உள்ளே அழுது மகளையும் கலங்கவைத்த சந்தர்ப்பங்களை நான் கண்டிருக்கிறேன். முதுகை நீவிவிடவும், தண்ணீர் பருக்கவும், மூச்சை நிதானமாக விடச் சொல்லவும் தெரிந்த ஒரு தங்கையோ தோழியோ போதும்.

இன்னுமொன்று: கொழும்பு வார்டுகளில் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கும். உங்கள் மனைவிக்குச் சிங்களம் சரளமாக வராதென்றால், அவருக்குள்ள நோய்கள், ஒவ்வாத மருந்துகள், இரத்த வகை, அவர் எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதி அவருடைய கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். "வலி கூடுகிறது", "தலை சுற்றுகிறது", "இரத்தம் போகிறது" என்பன போன்ற சில வாக்கியங்களை இருவரும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

பதில் 2 (இரண்டு பிள்ளைகளின் தந்தை, கொட்டாஞ்சேனை)

அக்கா சொன்னவற்றில் தவறில்லை. ஆயினும் பிரசவ அறைக்குள் நிற்பதுதான் தந்தையின் பங்கு என்ற எண்ணம் நம் இளைஞரிடையே அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அது சில மணி நேரம் மட்டுமே. இப்போது உங்கள் கையிலிருக்கும் இந்த மாதங்களுக்கு ஈடாக அதைச் சொல்ல முடியாது.

முதலில் அக்கா சொன்ன கிளினிக் கொப்பியை, அதாவது கர்ப்பகாலப் பதிவேட்டை எடுத்து, மனைவியோடு அமர்ந்து முழுவதும் வாசியுங்கள். இரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின், சீனிப் பரிசோதனை ஆகியவை ஒவ்வொரு வருகையிலும் எவ்வாறு மாறியுள்ளன என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் மயங்கிய நிலையில் ஒரு வைத்தியர் கேள்வி கேட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். மாநகர சபையின் தாய் சேய் நிலையத்தில் வகுப்புகள் நடந்தால், அரைநாள் லீவு எடுத்தாவது ஒன்றுக்குச் செல்லுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில் நீங்களும் இருந்தால், கேட்க விரும்பியதை நேரடியாகக் கேட்கலாம்.

மனைவிக்கு அழுத்தம் ஏறி இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கைகளும் வீங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்தப்போக்கு ஏற்பட்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும், பிள்ளையின் அசைவு குறைந்ததாக மனைவி உணர்ந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். அசைவு குறைந்தது என்று அவர் இரவு இரண்டு மணிக்குச் சொன்னால், விடியட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். காலி வீதி நெரிசலில் முச்சக்கர வண்டி தேடி அலைவதைவிட அதை அழைப்பதே மேல்.

கொழும்பில் இருப்பதால் டெங்கு பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்களைப் போல இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்று கர்ப்பிணியின் காய்ச்சலைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் நாளே காட்ட வேண்டும், பரசிட்டமோல் தவிர்ந்த வலிநிவாரணிகளைத் தாமாகக் கொடுக்கக் கூடாது. வீட்டைச் சுற்றியும் மேல்மாடித் தொட்டியிலும் தண்ணீர் தேங்காமல் பார்க்கும் வேலை முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும்.

மாத்திரைகளையும் பொறுப்பெடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் எடுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையோடு தேநீர் குடித்தால் அது உடம்பில் சரியாகச் சேராது. நம் வீடுகளில் சாப்பிட்ட கையோடு தேநீர் ஊற்றும் பழக்கம் ஆழமானது என்பதால், அதை மாற்ற நீங்களும் அவரோடு சேர்ந்து மாற வேண்டியிருக்கும்.

விடுமுறையைப் பொறுத்தவரை, தாய்க்கு 84 நாள் சட்டத்தில் உண்டு. அரச ஊழியரான தந்தைக்கு மூன்று நாள் கிடைக்கும். தனியார் துறைத் தந்தைக்குச் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை, நிறுவனம் விரும்பிக் கொடுத்தால் உண்டு. இது மாற வேண்டிய அநீதி என்பதே என் உறுதியான கருத்து. அதுவரை உங்கள் வருடாந்த விடுமுறையை இப்போதே சேமித்து, மேலதிகாரியிடம் எழுத்தில் அறிவித்து வையுங்கள். அதைப் பிள்ளை பிறக்கும் நாளில் செலவழிக்காமல், இருவரும் வீடு திரும்பும் நாளிலிருந்து எடுப்பது நல்லது.

பதில் 3 (ஒரு தாய், பம்பலப்பிட்டி)

தம்பி, பிள்ளை பெற்றவள் என்ற முறையில் நானும் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்த பின்னர்தான் எனக்குக் கணவர் மிகவும் தேவைப்பட்டார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறார்கள். அதைத் தாய்தான் கொடுக்க முடியும். ஆனால் பிள்ளையைத் தூக்கி வந்து தருவது, பால் குடித்த பின் தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் தந்தையால் முடியும். பாலூட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் ஒரு குவளை தண்ணீரை வையுங்கள்.

உங்கள் மாமியார் வர முடியாததால் பத்தியச் சமையலும் உங்கள் பொறுப்பாகலாம். சரக்குக் கறிக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி ஆகியவற்றை எந்த அளவில் அரைப்பது என்று தொலைபேசியில் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பால்சுறா வறையும் முருங்கையிலையும் பால் சுரக்க உதவும் என்று நம்மவர் கொடுப்பார்கள். தன் கைமருந்து மகளுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அந்தத் தாய்க்கும் ஆறுதலாக இருக்கும்.

பார்க்க வருபவர்களைக் கட்டுப்படுத்தும் வேலையை மனைவியிடம் விட்டுவிடாதீர்கள். பிள்ளை கறுப்பா சிவப்பா, பால் போதுமா, ஏன் ஆப்பரேஷன் செய்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். வாசலிலேயே மரியாதையாக, "அவர் உறங்குகிறார், முப்பத்தொரு நாள் கழிந்த பிறகு வாருங்கள்" என்று நீங்கள் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அதையே அவர் சொன்னால் காலம் முழுதும் பேசுவார்கள்.

முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது வழமை. ஆனால் அது இரண்டு வாரத்தைக் கடந்து நீடித்தாலோ, பிள்ளையில் பற்றில்லாமல் இருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று பேசினாலோ, திருஷ்டி என்று சொல்லி விட்டுவிடாமல் உடனே குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். தந்தையருள்ளும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இக்காலத்தில் மனச்சோர்வு வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே உங்கள் உறக்கத்தையும் மனதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கிளினிக் கொப்பியை நேற்றிரவு இருவரும் சேர்ந்து வாசித்தோம். துணைக்குத் தன் ஒன்றுவிட்ட தங்கையை அழைக்க மனைவி விரும்புகிறார். பிறப்புப் பதிவை யாழ்ப்பாணத்தில் செய்யலாமா என்று மாமனார் கேட்கிறார்.

பதில் 1 (தாதி)

முடியாது தம்பி. பிள்ளை எங்கே பிறக்கிறதோ அந்தப் பிரிவின் பதிவாளரிடமே பதிய வேண்டும், 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். வைத்தியசாலை தரும் பிறப்பு அறிக்கையையும் திருமணச் சான்றிதழையும் இருவரின் அடையாள அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தமிழில் பதிய விரும்பினால் முதலிலேயே கேளுங்கள். பிள்ளையின் பெயரைத் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கையொப்பமிடுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.