ஈஎன் 8 போட்டால் போதுமா? கார்பன், வலிமை, செலவு: பட்டறை அனுபவங்கள்

கோவை, லேத் ஜாப் ஒர்க்:

எங்களிடம் வருகிறவர்கள் பலரும் "ஸ்ட்ராங்கா இருக்கணும், ஈஎன் 8 போட்டுடுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். ஈஎன் 8 என்பது கார்பன் கொஞ்சம் கூடுதலாக உள்ள ஒரு ஸ்டீல் ரகம். கன்வேயர் செய்யும் ஒருவர் அப்படித்தான் வந்தார். 25 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல், கார்பன் குறைந்த சாதாரண ஸ்டீல்) ஷாஃப்ட், சுமை ஏறினால் நடுவில் தொய்கிறதாம். ஈஎன் 8-ல் மாற்றித் தரச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

எம்எஸ்ஸில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஈஎன் 8-ல் 0.35 முதல் 0.45 வரை. கார்பன் ஏறினால் கடினம் ஏறும், ஷாஃப்ட் ஒரேயடியாக வளைந்து நின்றுவிடாது. சரி. ஆனால் சுமை ஏறும்போது தொய்ந்து, இறங்கியதும் நிமிர்கிறதே, அந்த விறைப்பு இந்த ஸ்டீல்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 200 ஜிகாபாஸ்கல். ஈஎன் 8-க்குக் காசு கொடுத்தாலும் அதே அளவுதான் தொய்யும். விட்டத்தை 30 ஆக்கினால் அதே சுமைக்குத் தொய்வு பாதியாகக் குறையும். பேரிங்கையும் மாற்ற வேண்டி வந்தது, இருந்தும் எம்எஸ்ஸிலேயே முடித்தார்.

இதே ஈஎன் 8-ஐ நானே வற்புறுத்தி வாங்க வைத்த வேலைகளும் உண்டு. உரசி உரசித் தேயும் பின் என்றால் எம்எஸ் தாங்காது. அதைச் சுடவைத்துத் தண்ணீரில் போட்டாலும் பெரிதாகக் கடினமாகாது, அதற்கு வேண்டிய கார்பன் அதில் இல்லை. ஈஎன் 8-ஐ இண்டக்‌ஷனில் (மின்காந்தத்தால் மேல்பரப்பை மட்டும் சுடவைத்து, சட்டென ஆற்றி) கடினப்படுத்தினால் மேல்பரப்பின் கடினம் 50 எச்ஆர்சியைத் (ராக்வெல் அளவு) தாண்டும். லேத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. எம்எஸ் சுருள் அறுந்து விழாமல் நீள நீளமாக வந்து டூலில் சுற்றிக்கொள்ளும், சில சமயம் பரப்பைப் பிய்த்தும் விடும். ஈஎன் 8 சுருள் உடைந்து விழும், ஃபினிஷ் நன்றாக வரும். பேரிங் செய்யும் ஈஎன் 31 ஸ்டீல் வேறு கதை. அதில் கார்பன் 1 சதவீதம் அளவுக்குப் போகிறது. அனீல் செய்து இளக்காமல் லேத்தில் ஏற்றினால் இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தீர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட் கூலி, அதில் கோணியதைச் சரிசெய்ய கிரைண்டிங் கூலி. கொட்டேஷன் கேட்பவர்கள் கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

திருச்சி, ஃபேப்ரிகேஷன்:

வெல்டிங் செலவை விட்டுவிட்டீர்கள். எம்எஸ் பிளேட்டில் ஈஎன் 8 பின்னை வைத்து, சூடு காட்டாமல் சாதாரண ராடில் வெல்டு அடித்த ஒரு பிராக்கெட் எங்களிடம் ரிப்பேருக்கு வந்தது. அடித்த அன்று மாலை ஒரு குறையும் தெரியவில்லையாம். மறுநாள் காலை வெல்டு ஓரமாக, பின் பக்கத்தில், முடி இழை போல விரிசல். வெல்டை ஒட்டிய பகுதி வேகமாக ஆறும்போது, கார்பன் கூடின ஸ்டீலில் அந்த இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ராடில் ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, சில மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும்.

பழைய வெல்டு முழுவதையும் தோண்டி எடுத்தோம். 200 டிகிரி வரை கேஸ் டார்ச்சில் சூடேற்றி, அடுப்பில் உலர்த்திய 7018 (ஹைட்ரஜன் குறைவாக விடும்) ராடில் அடித்து, காய்ந்த மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டோம். கேஸ், ஆள், நேரம் எல்லாம் செலவுதான். கட்டுமான ஸ்டீலுக்கான ஐஎஸ் 2062-ல் ஈ250 தரத்துக்குக் கார்பன் 0.23 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான். வீட்டுக் கம்பியிலும் பாருங்கள்: எஃப்இ 500 ரகத்துக்குக் கார்பன் உச்சவரம்பு 0.30, கூடுதலாக நீளும் 500டி-க்கு 0.25. அறுவதற்கு முன் 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி 16 சதவீதம். நிலநடுக்கத்துக்கு அந்த நீட்சிதான் வேண்டும்.

சிவகங்கைப் பக்கம், கொல்லுப் பட்டறை:

எங்களுக்கு டெஸ்ட் சர்டிஃபிகேட் எல்லாம் கிடையாது, கிரைண்டர் பொறியைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். எம்எஸ் நீளக் கோடாகப் பொறி விடும், நுனியில் ஒன்றிரண்டு கிளைதான் இருக்கும். பழைய அரத்தை வைத்தால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குட்டை குட்டையாக, பூப்பூவாக வெடிக்கும். லாரி ஸ்பிரிங் பட்டை இரண்டுக்கும் நடுவில். அரிவாளுக்கு எங்கள் தேர்வு அந்தப் பட்டைதான். அரத்தில் அடித்த அரிவாள் கூர்மையாக நிற்கும், கட்டையில் ஓங்கி வெட்டினால் வாய் தெறித்துவிடும்.

ஸ்டீல் பிளான்ட், ஓய்வு:

கார்பனைச் சேர்ப்பதற்குத்தான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். ஊது உலையிலிருந்து வரும் இரும்பில் கார்பன் ஏற்கெனவே 4 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கன்வெர்ட்டரில் (இரும்பை ஸ்டீலாக்கும் கலத்தில்) ஆக்சிஜன் ஊதி அதைக் குறைப்பதுதான் எங்கள் வேலையே. 20 நிமிடத்துக்குள் எம்எஸ் அளவுக்கு இறங்கிவிடும். கார் பாடித் தகடு மாதிரி 0.005-க்கும் கீழே போக வேண்டுமென்றால் வெற்றிடத்தில் வைத்து இழுக்க வேண்டும், அங்கே விலை ஏறுகிறது. மேல்பக்கமும் ஏறும். பேரிங் ஸ்டீலில் குரோமியம் சேர்க்க வேண்டும், அழுக்கு துளியும் இருக்கக்கூடாது, வார்க்கும்போது கார்பன் நடுவில் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இரண்டு முனையும் விலை கூடுதல், நடுவில் இருக்கும் சாதாரண எம்எஸ் மலிவு.