மறுமொழி: டீ-ஐடென்டிஃபிகேஷன் – ‘அடையாள நீக்கம்’ போதுமா?

வணக்கம்.

நோயாளர் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்குக் கொடுக்குமுன் ஆளைக் காட்டும் விவரங்களை எடுத்துவிடும் வேலைதான் டீ-ஐடென்டிஃபிகேஷன். அதற்குத் தமிழில் ‘அடையாள நீக்கம்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. நீக்கம் என்றால் ஆளை இனிக் கண்டறியவே முடியாது என்று படிப்பவர் நம்பிவிடுவார். அமெரிக்காவின் மருத்துவத் தகவல் தனியுரிமை விதியான ஹிப்பாவில் ‘சேஃப் ஹார்பர்’ முறைப்படி பெயர், தொலைபேசி எண் என 18 வகை விவரங்களை எடுக்க வேண்டும். தேதிகளில் நாள், மாதம் போய் ஆண்டு மட்டும் தங்கலாம். 89 வயதைத் தாண்டியவர்களை ‘90-உம் அதற்கு மேலும்’ என ஒன்றாகத்தான் காட்டலாம். இத்தனை செய்தும், மிச்சத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று தெரிந்திருந்தால் அது செல்லாது என்கிறது அதே விதி.

என் சொல்: அடையாளக் களைவு. வேர் தங்கினால் களை மறுபடி முளைக்கும். அந்த ஐயம் சொல்லிலேயே இருக்கட்டும்.

*

> அடையாளக் களைவு

நன்று. ஆனால் யாரும் ‘அடையாளங்களைதல்’ என்று புணர்த்திவிட வேண்டாம். ‘அடையாளங்களை’ என்று படித்துத் தடுமாறுவோம்.

அந்த வேருக்கும் ஒரு பெயர் வேண்டும். குவாசி-ஐடென்டிஃபையர் என்பார்கள்: தனியாக ஆளைக் காட்டாது, நாலு சேர்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தால் அமெரிக்க மக்களில் 87% பேரைத் தனித்து இனங்காணலாம் என்று 1990 கணக்கெடுப்பைக் கொண்டு கணினி அறிவியலாளர் லதன்யா ஸ்வீனி மதிப்பிட்டார். பெயர் எடுக்கப்பட்ட பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸின் அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவை ஸ்வீனி கண்டெடுத்ததும் இப்படித்தான்.

இதற்குச் ‘சாடைக்குறி’ எனலாமா? ‘பகுதி அடையாளங்காட்டி’ என்பதை யாரும் இரண்டாம் முறை எழுதமாட்டார்கள்.

*

> சாடைக்குறி

பேச்சுவழக்காயிற்றே என்று முதலில் தயங்கினேன். ஆனால் மருத்துவப் படங்களில் சொல் அப்படியே பொருந்துகிறது. மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் வகைக் கோப்பில் (0010,0010) என்ற புலத்தில் நோயாளர் பெயர் இருக்கும். அதை அழிப்பது எளிது. சிக்கல் வேறிடத்தில். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படப்புள்ளிகளிலேயே பதிந்திருக்கும். கருவி நிறுவனங்கள் சேர்க்கும் தனிப்புலங்களில் என்ன கிடக்கிறதென்று திறந்து பார்த்தால்தான் தெரியும். தலை எம்ஆர்ஐ அடுக்குகளிலிருந்து முகத்தையே முப்பரிமாணத்தில் மீட்டுவிடலாம்; அதனால்தான் பகிருமுன் முகப்பகுதியை வெட்டுகிறார்கள். முகச்சாடை என்று நாம் ஏற்கெனவே சொல்வதுதானே!

பெயருக்குப் பதில் ஒரு குறியை இடும் சூடோனிமைசேஷனுக்குப் ‘புனைபெயராக்கம்’ வேண்டாம், எழுத்தாளர் நினைவுதான் வரும். ‘புனைகுறியிடல்’ எனலாம். இதை, ஆளை மீட்கவே முடியாதபடி செய்யும் அனானிமைசேஷனோடு குழப்பக்கூடாது. எந்தக் குறி யாருடையது என்று காட்டும் திறவுகோல் எங்கோ பூட்டி வைக்கப்பட்டிருப்பதால் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் புனைகுறியிட்ட தரவையும் பொதுவாகத் தனிநபர் தரவாகவே கருதுகிறது.

நடைமுறையில் அடிக்கடி நேரும் பிழை: பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை வெறுமனே ஹாஷ் செய்து (அதாவது, ஒரு கணக்கீட்டால் வேறொரு எழுத்துத் தொடராக மாற்றி) அதையே புனைகுறியாக வைப்பது. மொத்தம் 1,000 கோடி எண்கள்தாம். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிடுவது கணினிக்குப் பெரிய வேலையல்ல. இரகசியச் சாவி சேர்த்த ஹாஷ் வேண்டும், அல்லது தொடர்பற்ற எண்ணைத் தந்து அட்டவணையைத் தனியே பூட்ட வேண்டும்.

*

பதிவிலுள்ள உண்மைத் தேதிகளை மறைக்க அவற்றை முன்பின்னாகத் தள்ளும் முறைக்கு ‘நாள் நகர்த்தல்’ போதும். விளக்கத்தில் ஒன்று மட்டும் சேருங்கள்: ஒரு நோயாளரின் எல்லாத் தேதிகளும் ஒரே அளவு நகர வேண்டும். பதிவுக்குப் பதிவு வேறுபட்டால் அறுவை சிகிச்சைக்கு முன்பே தையல் பிரித்ததாகக் காட்டும். செயற்கை நுண்ணறிவு மாதிரியும் அதையே கற்றுக்கொள்ளும். சரியாக நகர்த்தினாலும், பல மாதம் தள்ளிப்போனால் பருவகாலத் தகவல் போய்விடும். ஃபுளூ ஆய்வுக்கு உதவாது.

அனானிமைசேஷனுக்கு ‘அடையாள அழிப்பு’ என்பதை ஏற்கிறேன். களைந்த பதிவிலிருந்து ஆளை மறுபடி கண்டறியும் ரீ-ஐடென்டிஃபிகேஷனுக்கு ‘மீளடையாளம் காணல்’ நீளம். ‘ஆள் மீட்பு’ என்றால் கடத்தல் செய்தி போலிருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றுகிறதா?