'போலிச்சொல்' பொருந்தாது, 'மயங்குசொல்' என்று வைக்கலாமா?

இரு மொழிகளில் ஒரே உருவில் இருந்தும் வேறு வேறு பொருள் தரும் சொற்களை ஆங்கிலத்தில் 'ஃபால்ஸ் ஃபிரண்ட்ஸ்' என்கிறார்கள். இவற்றுக்குத் தமிழில் 'போலிச்சொல்' என்ற பரிந்துரை எனக்கு உதைக்கிறது. இலக்கணத்தில் போலி என்பது இதற்கு நேர்மாறு. பந்தல் பந்தர் ஆனாலும் ஐந்து அஞ்சு ஆனாலும் எழுத்துதான் மாறும், பொருள் அசையாது. நாம் பெயர் தேடும் சொற்களிலோ உரு அப்படியே நிற்க, மொழிக்கு மொழி பொருள் நழுவுகிறது.

'அவசரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அது தக்க வேளை, வாய்ப்பு. இந்தி 'அவ்சர்', மலையாள 'அவசரம்' இரண்டும் இன்றும் வாய்ப்புதான். தெலுங்கில் தேவை. நமக்கும் கன்னடத்தாருக்கும் விரைவு. ஒரு கோப்பை அனுப்பட்டுமா என்று தெலுங்கு நண்பரிடம் கேட்டேன். "அவசரம் லேது" என்றார். மெதுவாக அனுப்பினால் போதும் போல என்று மறுநாள் உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். "வேண்டாம் என்றுதானே சொன்னேன்!" என்று சிரித்தார். வேளை, அந்த வேளைக்கு வேண்டியது, வேளை தவறுமுன் முடிக்க வேண்டியது என்று பொருள் நகர்ந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

'சிட்சை' இன்னும் வேடிக்கை. இந்தியில் கல்வி, தெலுங்கு, கன்னடம், மலையாளத்தில் தண்டனை. பிரம்பு பிடித்த வாத்தியார்கள் காலத்தில் இரண்டுக்கும் அதிகத் தூரம் இல்லை போலும். ஐரோப்பாவிலும் இதே கதை. 'கிஃப்ட்' என்று எழுதினால் ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு, சுவீடனில் நஞ்சும் உண்டு, 'மணமானவர்' என்ற பொருளும் உண்டு. மூன்றுக்கும் வேர் 'கொடுத்தல்'.

இன்னொரு பரிந்துரையான 'பொய்நண்பன்', 1928-இல் வந்த ஒரு பிரெஞ்சு நூலின் தலைப்பிலிருந்து பரவிய தொடரின் நேர்ப்பெயர்ப்பு. தமிழில் சொல்லுக்கு நண்பன் எங்கிருந்து வந்தான்? ல, ள, ழ குழப்பத்துக்கு 'மயங்கொலி' என்ற பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதன் பக்கத்தில் 'மயங்குசொல்' இயல்பாக உட்காரும். இலக்கணத்தில் வேற்றுமை மயக்கம் வேறு இருக்கிறதே என்றால், அதுவும் நமக்குச் சாதகம்தான். ஒரு வேற்றுமையின் இடத்தில் இன்னொன்று வருவதைத்தானே அங்கும் மயக்கம் என்கிறோம்.

ஆனால் ஆங்கில 'பேட்', பாரசீக 'பத்' (நம் 'பத்மாஷ்' நினைவிருக்கிறதா?) போன்றவற்றை இதில் சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் 'கெட்ட' என்றே பொருள், ஆனால் வேர் வேறு. அங்கே உறவுதான் போலி. 'போலி உறவுச்சொல்' என்று வைத்தால் எனக்கு மறுப்பில்லை.

'தெலுங்கு–தமிழ் மயங்குசொல் அகராதி' என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு இடறவில்லை.