பரஸ்பர சம்மத விவாகரத்தில் அந்த ஆறு மாதம் யாருக்காக?

நதிக்கரை:
பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்டு, இருவரும் கோர்ட்டில் சம்மதம் சொல்லும் முதல் கட்டம் முடிந்துவிட்டது, இரண்டாம் கட்டத்துக்கான அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து. பிரிந்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது, இருவருக்கும் இதில் மறுபேச்சு இல்லை, சண்டைகூட ஓய்ந்து போய்விட்டது, அப்புறம் எதற்கு இன்னும் ஆறு மாதம்? அன்றைக்குக் கோர்ட் வராண்டாவில் டவாலி எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். மனுவில் அவர் முதல் மனுதாரர், நான் இரண்டாம் மனுதாரர், எதிர்மனுதாரர் என்று யாருமே இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் எங்கள் பெயர்கள் ஒன்றாக அச்சானது அந்தத் தாளில்தான். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் "வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்கிறார்கள். இருக்கிறார் என்பதா, இல்லை என்பதா? இந்த ஆறு மாதத்தைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பேன்.

அல்லி:
உங்கள் வலி புரிகிறது தோழி, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. நான் முதல் கையெழுத்துப் போட்டபோது எனக்குச் சரியான தூக்கமே இல்லாத காலம். வீட்டில் எல்லோரும் "விட்டது சனி என்று போட்டுட்டு வா" என்றார்கள், போட்டேன். மூன்றாவது மாதம், குழந்தை தூங்கின பிறகு ஒரு ராத்திரி, மனுவோடு நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை முதல்முறையாக நிதானமாகப் படித்தேன். ஒன்பதாவது பத்தியில் "எதிர்காலத்தில் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்று இருந்தது, பையன் படிப்புச் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதே வாரம் வக்கீலிடம் போய் மாற்ற வைத்தேன். அந்த ஆறு மாதம் இல்லையென்றால் அந்தத் தாளின்படியே தீர்ப்பாகியிருக்கும்.

நேர்வழி:
உங்களுக்குக் காப்பாக இருந்த அதே ஆறு மாதம் எனக்குக் கத்தியாக இருந்தது. எல்லாம் பேசி முடித்து, தொகை முடிவாகி, முதல் கட்டமும் முடிந்து, ஐந்தாவது மாதம் அந்தப் பக்கத்திலிருந்து போன் வருகிறது, பேசியதைவிட அதிகம் வேண்டுமாம், இல்லையென்றால் சம்மதத்தை வாபஸ் வாங்கிவிடுவார்களாம். வாங்கவும் செய்தார்கள். 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, தீர்ப்பு வரும்வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று. நான் முதலிலிருந்து கொடுமை, கைவிடல் என்று தனி மனு போட்டு, கூண்டில் ஏறி, படுக்கையறை விஷயம் வரை குறுக்கு விசாரணையில் பதில் சொன்னேன். எத்தனை வாய்தா என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அல்லி:
அண்ணா, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் மனம் மாறும் உரிமையே இருக்கக் கூடாது என்றால், மிரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் எங்கே போவார்கள்?

குமாஸ்தா:
குடும்ப நல வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஆபீஸில் பல வருடமாக இருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான 13பி பிரிவு 1976-இல் வந்தது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்டு ஆறு மாதத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாம் கட்டம். ஆனால் 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, நீதிபதி அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. முதல் கட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து அதற்கு மனு போடலாம். விவாகரத்து மனு போடும் முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நதிக்கரை, மனு போடும்போதே நீங்கள் ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்தீர்கள், அந்த நிபந்தனையில் தேறிவிட்டீர்கள். சமரச முயற்சி பலிக்கவில்லை என்பதும், ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் உண்மையாகவே பேசி முடிந்துவிட்டது என்பதும் நீதிபதிக்குத் திருப்தியாக வேண்டும். அங்கேதான் பல மனுக்கள் நின்றுவிடும்.

நதிக்கரை:
இதை என் வக்கீல் சொல்லவே இல்லையே! "எல்லாருக்கும் ஆறு மாதம்தாம்மா" என்றார்.

நேர்வழி:
பாருங்கள், இதைத்தான் சொல்கிறேன். தெரிந்தவருக்கு ஒரு வாரம், தெரியாதவருக்கு ஆறு மாதம். அவகாசம் கேட்பவருக்குக் கொடுங்கள், கேட்காதவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? சேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தானே அந்தக் காலத்தில் வைத்தார்கள்?

அல்லி:
சேருவதற்கு என்று நானும் சொல்லவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒருநாள்கூட திரும்பிப் போகலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அவகாசம் வேண்டும் என்று கேட்கிற தெம்பு அப்போது எனக்கு இல்லை அண்ணா. சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டாலே கண் கலங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவள் நீதிபதி முன்னால் நின்று "எனக்கு டைம் வேண்டும்" என்று எப்படிச் சொல்வாள்? தானாகக் கிடைத்ததால்தான் எனக்குக் கிடைத்தது.

நேர்வழி:
இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. இருந்தாலும் என் நிலை மாறவில்லை. தள்ளுபடி கேட்க வழி இருக்கிறது என்பதை முதல் நாளே நீதிமன்றமே இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும், அதற்காவது ஒத்துக்கொள்வீர்களா?

அல்லி:
அதற்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். கூடவே ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டவும் வேண்டும்.

குமாஸ்தா:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பராமரிப்பு உரிமையை அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட முடியாது, அது குழந்தையின் உரிமை. அதற்காக அசட்டையாக இருந்துவிடாதீர்கள், பிற்பாடு போய்க் கேட்பது இன்னொரு வழக்கு.

நதிக்கரை:
இப்போதுதான் பீரோவிலிருந்து எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். மகள் என்னிடம் இருப்பாள் என்று இருக்கிறது, மாதத் தொகையும் இருக்கிறது. ஆனால் லீவு நாட்களில் அவர் எப்போது வந்து பார்ப்பார் என்ற இடத்தில் "பரஸ்பரம் பேசி முடிவு செய்யப்படும்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பரஸ்பரம் பேசி ஒரு வருடம் ஆகிறது. இதோடு போய் எல்லாம் முடிந்துவிட்டது என்று நீதிபதியிடம் எப்படிச் சொல்வேன்? நாளைக்கு அவருக்கு நானே போன் செய்கிறேன். அதை முடித்துவிட்டு வக்கீலிடம் தள்ளுபடி மனு போடச் சொல்கிறேன். ஆறு மாதம் வேண்டாம் என்பதில் இன்னமும் உறுதியாகத்தான் இருக்கிறேன் அல்லி.